இந்த ரோடு யார் கணக்கில் இருக்கிறது?

பறித்த கொழுந்துக்குக் காத்திருக்கத் தெரியாது. காலையில் பறித்த இலையைச் சாக்கில் அழுத்தி அடைத்து வைத்தால், மதியத்துக்குள் மூட்டையின் நடுவில் சூடேறத் தொடங்கிவிடும். கையை உள்ளே விட்டுப் பார்த்தாலே தெரியும். சூடேறிய இலை சிவக்கும். சிவந்த இலையில் நல்ல தூள் வராது. தேயிலை வாரியம் மாதா மாதம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. ஆனால், அந்த விலை கைக்கு வருவதும் வராததும் இலை எந்த நிலையில் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் பொறுத்தது. அதனால், நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிக்கு ரோடு என்பது போக்குவரத்து வசதி மட்டுமல்ல, இலைக்குக் கிடைக்கும் விலையில் ஒரு பங்கு.

இத்தலார், உதகை ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள 13 கிராம ஊராட்சிகளில் ஒன்று. ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பக்கத்தில் இருக்கிறது. சரிவெல்லாம் தேயிலை, தண்ணீர் நிற்கும் பள்ளங்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பூண்டு. மேட்டில் வரிசையாக வீடுகள் கொண்ட படுகர் ஹட்டிகள். இண்ட்கோசர்வ் அமைப்பின் கீழ் வரும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒன்று இத்தலாரிலேயே இருக்கிறது. ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களின் இலைதான் அங்கே போகிறது. காய்கறி என்றால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற வேண்டும். இரண்டுக்கும் முதல் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர்தான் சிரமம். அதாவது, தோட்டத்திலிருந்து பஸ் போகும் ரோடு வரைக்கும் உள்ள வழி.

அந்த வழியில்தான், இத்தலார் வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெண் விவசாயி ஒருவர் இரண்டு மழைக்காலம் கஷ்டப்பட்டார். கணவர் இல்லை. மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார். இலையை எடுக்க வரும் பிக்கப் வண்டிக்காரர் ஒருநாள் பாதி வழியில் நிறுத்திவிட்டு, “அக்கா, வண்டி அடி தட்டுது. இனிமே கோயில் முக்கு வரைக்கும் இலையைக் கொண்டாந்துடுங்க” என்று சொல்லிவிட்டார். அவர் மேல் கோபப்பட முடியாது. அடி தட்டி ஆயில் சட்டி உடைந்தால் அவருக்கு ஒரு மாத வருமானம் போய்விடும். அன்றிலிருந்து மூட்டைகள் தலைச்சுமையாக மேலேறின. சுமை தூக்க வந்தவர்களுக்குக் கூலி, காத்திருந்த நேரத்தில் இலை வாட்டம் என்று இரண்டு பக்கமும் நஷ்டம்.

“ரோடு போடச் சொல்லி எத்தனை தடவை மனு கொடுத்தாச்சு” என்பது எல்லா ஊரிலும் கேட்கிற வாக்கியம்தான். அவரும் கொடுத்தார். மூன்று மனு. மூன்றும் பொதுவாக “எங்கள் ஊர் சாலையைச் சீரமைத்துத் தர வேண்டும்” என்று எழுதப்பட்டவை. பதில் வராததற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. “எங்கள் ஊர் சாலை” என்று ஒரு சாலை எந்த ஏட்டிலும் இல்லை.

ஒரே வழி, மூன்று கணக்கு

ஊராட்சி அலுவலகத்தில் செயலர் சாலைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். “அக்கா, வீடுங்க இருக்கிற தெருவில இருந்து கோயில் முக்கு வரைக்கும்தான் பஞ்சாயத்து ரோடு. கோயில் முக்குல இருந்து பஸ் ரோடு வரைக்கும் யூனியன் ரோடு. பஸ் ரோடு ஹைவேஸ்காரங்களுது” என்றார். நடந்தால் இருபது நிமிஷம் ஆகும் ஒரு வழிக்கு மூன்று சொந்தக்காரர்கள்.

தமிழ்நாடு முழுவதும் ஏற்பாடு இதுதான். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறை வழியாகப் பராமரிக்கப்படுகின்றன. ஊர்களை ஒன்றோடொன்றும், பெரிய சாலையோடும் இணைப்பவற்றில் பல, ஊராட்சி ஒன்றியச் சாலைகள். இவை இரண்டிலும் சேராத, ஊருக்குள் இருக்கும் பொதுச் சாலைகளும் தெருக்களும் கிராம ஊராட்சியுடையவை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110-ஆவது பிரிவு கிராம ஊராட்சியின் கடமைகளைச் சொல்கிறது. 112-ஆவது பிரிவு ஊராட்சி ஒன்றியக் குழுவின் கடமைகளைச் சொல்கிறது. இரண்டிலும் சாலை அமைப்பது, பழுது பார்ப்பது, பராமரிப்பது ஆகியவை இருக்கின்றன. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 இனங்களைப் பட்டியலிட்டது. சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள் அதில் 13-ஆவது இனம்.

பிக்கப் வண்டி நின்ற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம் இருந்தது. சரியாகக் கோயில் முக்கை ஒட்டி. பஞ்சாயத்து ரோடு முடிகிற இடமா, யூனியன் ரோடு தொடங்குகிற இடமா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ஊர்ச் சாலைகளைப் பராமரிக்கும் கடமையோடு, அந்தச் சாலைகளில் உள்ள பாலங்களையும் சிறுபாலங்களையும் பராமரிக்கும் கடமையும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. சாலை யாருடையதோ, அதன் சிறுபாலமும் அவர்களுடையதே. அப்படியானால் பதிவேட்டில் அந்த யூனியன் ரோடு எந்த இடத்திலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒன்றிய அலுவலகத்தில் பார்த்தபோது, சிறுபாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அளவு தொடங்கியிருந்தது. அதாவது, சிறுபாலம் ஒன்றியத்தின் கணக்கு.

ஒன்றிய ஓவர்சியர் மறுக்கவில்லை. “ரோடு எங்களுதுதாங்கம்மா. ஆனா இந்த வருஷ வேலைப் பட்டியல்ல இது இல்லீங்க. எந்த இடம், எத்தனை அடி, என்ன பழுதுன்னு எழுதி, கிராம சபையில தீர்மானம் போட்டு அனுப்புங்க. அப்பதான் எஸ்டிமேட் போட முடியும்” என்றார்.

பதிவேட்டைப் பார்க்க விடவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் கொடுத்தால், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அவருக்கு அது தேவைப்படவில்லை. கேட்டதும் காட்டினார்கள். இதுவரை கேட்டவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

புது ரோட்டுக்குப் பணம் உண்டு, பழைய ரோட்டுக்கு?

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான், எதை எப்போது கேட்கலாம் என்பதும் தெரியும்.

முதலில், ஊராட்சியின் சொந்த வருமானம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. மலையில் உள்ள சிறிய ஊராட்சிகளில் இது பெரிய தொகை இல்லை. இரண்டாவது, மாநில நிதிக்குழு மானியம். தெருவிளக்கு மின்கட்டணம், பணியாளர் சம்பளம், குடிநீர்ப் பராமரிப்பு எல்லாம் பெரும்பாலும் இதை நம்பித்தான் இருக்கின்றன. மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில் ஊராட்சிகளுக்கான இந்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டப்பட்டிருந்தது. மீதி 40 சதவிகிதத்தில்தான் ரோடு, சிறுபாலம் போன்ற ஊர்த் தேவைகளைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, திட்டங்கள். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், மாநில அரசின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், நீலகிரிக்கு என்று இருக்கும் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் எனப் பல. முதல்வரின் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டபோது, இரண்டு ஆண்டுகளில் 10,000 கிலோமீட்டர் கிராமச் சாலைகளை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்துவது என்று இலக்கு வைத்தார்கள். இந்தத் திட்டங்களால்தான் பல ஹட்டிகளுக்குத் தார் ரோடு வந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால், திட்டப் பணம் பெரும்பாலும் புதிதாகப் போடவும் மேம்படுத்தவும்தான் வருகிறது. போட்டதை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வருவது குறைவு. இதில் ஒரு நல்ல விதிவிலக்கு, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். ரோடு போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். வேலை முடிந்த தேதியும் பராமரிப்புக் காலமும் சாலையோரப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பலகையைப் படித்துவிட்டு மனு எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? நான்காவது ஆண்டில் பள்ளம் விழுந்தால், அதை மூடப் புது நிதி தேட வேண்டியதே இல்லை. ஐந்து ஆண்டு முடிந்த மறுநாளில் இருந்துதான் ஊரின் கவலை.

ரோட்டைத் தின்பது தண்ணீர்

ஓவர்சியரோடு அந்தச் சிறுபாலத்தைப் பார்க்க வந்தவர்களில், சாலை வேலையில் பல வருஷம் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் இருந்தார். பள்ளத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரே மலைப்பக்கம் உள்ள கால்வாயை எட்டிப் பார்த்தார். “ரோட்டைப் பார்க்காதம்மா, கால்வாயைப் பாரு. தண்ணிக்கு வழி இல்லைன்னா தங்கத்துல போட்டாலும் நிக்காது” என்றார்.

மலை ரோட்டின் அமைப்பு அப்படி. மேலே சரிவு, கீழே சரிவு, நடுவில் வெட்டப்பட்ட படிதான் ரோடு. மேல் சரிவிலிருந்து இறங்கும் மழைநீர், ரோட்டின் மலைப்பக்கக் கால்வாயில் விழ வேண்டும். அங்கிருந்து சிறுபாலம் வரை ஓடி, ரோட்டுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்க ஓடைக்குப் போக வேண்டும். கால்வாயில் மண்ணும் சருகும் அடைத்தால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறும். தாருக்கும் ஜல்லிக்கும் இடையில் புகும். அதன்மேல் பாரம் ஏற்றிய வண்டி போனால் ஜல்லி கழன்றுவிடும். முதலில் கையகலப் பள்ளம், அடுத்த மழையில் கூடையகலம். பள்ளத்தில் மட்டும் தாரைக் கொட்டி மூடினால், தண்ணீர் பக்கத்தில் இன்னொரு பள்ளம் பறிக்கும். பள்ளப்பக்கத் தடுப்புச்சுவரிலும் இதே கதைதான். சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற விடப்பட்ட துளைகள் அடைத்துக்கொண்டால், பின்னால் ஊறிய மண்ணின் கனமே சுவரைத் தள்ளிவிடும்.

நீலகிரி இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. எமரால்டு, அவலாஞ்சி பக்கத்தில் பல இடங்களில் ரோடு அறுந்து போனது. குந்தா பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் கடுமை. நடுவில் இருக்கும் ஊர்கள் இரண்டையும் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட பேய்மழையை எந்தக் கால்வாயாலும் முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால், வருஷம் முழுக்கப் பெய்கிற சாதாரண மழையிலேயே ரோடு பாதி பலவீனமாகிவிட்டால், பெரிய மழை வருகிற அன்று மீதியும் போய்விடும்.

கால்வாய்த் தூர்வார வேண்டியது ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு கூடை. செலவில் இதைவிடச் சின்ன வேலை ரோட்டில் இல்லை. நெடுஞ்சாலைத் துறையில் இதற்கென்றே சாலைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். 1997-ல் சுமார் 10,000 பேர் வேலைக்குச் சேர்க்கப்பட்டு, 2002-ல் நீக்கப்பட்டு, 2006-ல் மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்ட வரலாறு அவர்களுக்கு உண்டு. பஞ்சாயத்து, யூனியன் ரோடுகளுக்கு அப்படித் தனி ஆள் கிடையாது. நூறு நாள் வேலையில் கால்வாய் தூர்வாரிய ஊர்களில் ரோடு கொஞ்சம் கூடுதல் நாள் நின்றிருக்கிறது. செய்யாத ஊரில், திறப்பு விழா நடந்த ரோடு மூன்றாவது மழையில் ஜல்லியாகிவிடுகிறது.

தண்ணீர் யார் வீட்டிலிருந்து வருகிறது?

பெரியவர் அன்று இன்னொன்றும் காட்டினார். கால்வாயில் வந்த தண்ணீர் எல்லாம் மழைநீர் இல்லை. மேல் தோட்டம் ஒன்றில், பாத்திகளில் நிற்கும் தண்ணீரை வடிக்க வெட்டிய வாய்க்காலை நேராக ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். இரண்டு வீடுகளின் குளியலறைத் தண்ணீரும் ரோட்டில் விழுந்தது. ஓர் இடத்தில் வண்டி ஏற வசதியாகக் கால்வாயை மண் போட்டு மூடியிருந்தார்கள், அடியில் குழாய் எதுவும் வைக்காமல்.

இதற்கு எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாது. கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் நடவடிக்கை வரும்; பிறகு காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அதனால், அவர் அதை ஊர்ப் பெரியவர்கள் கூடியபோது வைத்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. “இலை வண்டி எல்லாருக்கும்தான் வரணும்” என்று மட்டும் சொன்னார். மேல் தோட்டக்காரர் இரண்டு நாளில் வாய்க்காலை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டார். மூடிய கால்வாய்க்கு அடியில் சிமென்ட் குழாய் வைக்க, சம்பந்தப்பட்ட மூன்று வீட்டாரும் பணம் போட்டார்கள். குளியலறைத் தண்ணீர் மட்டும் இன்னும் முழுக்கத் தீரவில்லை. அதற்கு உறிஞ்சுகுழி வெட்ட இடம் பார்க்கிறார்கள்.

விவசாயிகள் பக்கம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பாரம். மூன்று டன் தாங்கும் என்று போடப்பட்ட ரோட்டில், கேரட் சீசனில் அதைப்போல மூன்று மடங்கு பாரத்தோடு லாரி இறங்கினால் ரோட்டைக் குறை சொல்ல முடியாது. ரோட்டோரச் சரிவைப் பொக்லைன் வைத்து வெட்டுவதும் அப்படியே. நீலகிரியில் பொக்லைன் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு விவசாயிக்குத் தொல்லையாகத் தெரியலாம். ஆனால், வெட்டிய சரிவு மழையில் இறங்குவது பெரும்பாலும் கீழே இருக்கும் ரோட்டின் மேல்தான்.

யார் கணக்கிலும் இல்லாத வழிகள்

மூன்று கணக்கில் எதிலும் வராத வழிகளும் உண்டு. பட்டா நிலத்துக்குள் போகும் தோட்டப் பாதை, எஸ்டேட்டுக்குச் சொந்தமான ரோடு, காட்டுக்குள் போகும் தடம். இவற்றுக்கு ஊராட்சி நினைத்தாலும் பணம் செலவழிக்க முடியாது.

கடல் தாண்டி இலங்கை மலையகத்தில் இது தலைமுறைக் கணக்கான பிரச்னையாக இருந்தது. அங்கே கிராமச் சாலைகளைப் பார்த்துக்கொள்வது பிரதேச சபைகள். ஆனால் 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆவது பிரிவு காரணமாக, தேயிலைத் தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சபைகளுக்குத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினார்கள். ஆனால் அவர்கள் லயத்துக்குப் போகும் ரோட்டுக்குச் சபையால் ஜல்லி கொட்ட முடியவில்லை. 2018-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து நீலகிரிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. ‘ரோடு கம்பெனியுடையது’ என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த வீடுகளின் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பட்டா நிலத்துப் பாதை என்றால், நில உரிமையாளர்கள் சேர்ந்து அந்த அகலத்தை ஊராட்சிக்குத் தானமாகப் பத்திரம் செய்து கொடுக்கலாம். அப்போதுதான் அது பொதுச் சாலையாகப் பதிவேட்டில் ஏறும். நாலு அடி நிலம் போகிறதே என்று தயங்குகிறவர்கள், அந்த நாலு அடி இல்லாததால் வருஷத்துக்குச் சுமைகூலியாக எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். வனத்துக்குள் உள்ள பழங்குடி ஊர்கள் என்றால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு உதவும். கிராம சபை பரிந்துரைத்தால், சாலை உள்ளிட்ட பொது வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க அதில் இடம் இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை.

கிராம சபையில் கேட்டது என்ன?

தேயிலை விவசாயி கிராம சபைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்தார். கேரட் பாத்தி பிடிக்கும் கயிற்றை எடுத்து, பழுதான இடத்தை அளந்தார். சிறுபாலத்திலிருந்து கீழே எத்தனை அடி பள்ளம், கால்வாய் எத்தனை அடி தூர்ந்திருக்கிறது, தடுப்புச்சுவர் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று நோட்டில் குறித்தார். மகன் லீவில் வந்தபோது போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான்.

காந்தி ஜெயந்தி அன்று நடந்த கிராம சபையில், “ரோடு போட்டுத் தாங்க” என்று அவர் கேட்கவில்லை. மூன்று தனித்தனி வேலைகளாகக் கேட்டார். ஒன்று, சிறுபாலத்தின் அடைப்பை எடுத்து, இருபுறமும் கால்வாய் தூர்வாருவது. இரண்டு, வெடித்த தடுப்புச்சுவருக்கு எஸ்டிமேட். மூன்று, அதெல்லாம் முடிந்த பிறகு தார். ஒன்றியத்துக்கு உரிய வேலை என்று சாலையின் பெயரோடும் அளவோடும் தீர்மானத்தில் எழுத வைத்தார். தீர்மான ஏட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று அவரோடு ஹட்டியிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் வந்ததற்கு இலை மட்டும் காரணம் இல்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் பயணம் 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது. ஆனால், பஸ் ரோட்டுக்கு ஏறும் வழி சேறாகிவிட்டால், காலை பஸ்ஸைத் தவறவிட்டு ஜீப்புக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. ராத்திரியில் பிரசவ வலி வந்தால் 108 ஆம்புலன்ஸ் கோயில் முக்கு வரைதான் வரும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

சிறுபாலத்தின் அடைப்பும் கால்வாயும் அடுத்த சில வாரங்களில் சுத்தமாயின. செலவு குறைவு என்பதால் அது நடந்தது. சுவருக்கு எஸ்டிமேட் போடப்பட்டது. அதற்குள், 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நீலகிரியும் அதில் ஒன்று. தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாரும் இறங்க, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. “இனிமே யாரைப் போய்க் கேக்கிறது?” என்று ஊரில் பலர் சோர்ந்துவிட்டார்கள். அவர் சோரவில்லை. தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார். ஆள் மாறியிருந்தார்கள், ஏடு மாறவில்லை. வாய்வார்த்தையாகச் சொன்னது, சொன்னவரோடு போய்விடும். தீர்மான எண்ணும் தேதியும் போட்ட கோரிக்கையைப் புதிதாக வந்த அதிகாரியாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

தார் இன்னும் போடவில்லை. சுவர் வேலைக்கும் நிதி வர வேண்டியிருக்கிறது. ஆனாலும், தண்ணீர் ரோட்டின் மேல் ஏறுவது நின்றதால் பள்ளம் பெரிதாகவில்லை. ஊர்க்காரர்களே இரண்டு லோடு ஜல்லியும் மண்ணும் போட்டு நிரவினார்கள். மழை இல்லாத நாள்களில் பிக்கப் வண்டி மறுபடியும் கீழே வரை இறங்குகிறது. கன மழை நாள்களில் மட்டும் கோயில் முக்கில் நிற்கிறது.

எப்போது, எதைக் கேட்பது?

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோட்டு வேலைக்கு இவை எல்லாம் ஒன்று போல் அல்ல. மலையில் தார் வேலை மழையில் நடக்காது. ஜனவரி முதல் மே வரைதான் நல்ல காலம். ஆகவே தார், தடுப்புச்சுவர் போன்ற பெரிய வேலைகளை ஆகஸ்ட், அக்டோபர் சபைகளிலேயே தீர்மானமாக்கிவிட்டால்தான், எஸ்டிமேட்டும் டெண்டரும் முடிந்து அந்தக் காலத்துக்குள் வேலை தொடங்க வாய்ப்பிருக்கும். கால்வாயும் சிறுபாலமும் தூர்வாரும் வேலையை மார்ச் 22 அல்லது மே 1-ல் கேட்க வேண்டும். ஜூனில் தென்மேற்கு மழை இறங்கிவிடும். வடகிழக்கு மழை அடிக்கும் பக்கங்களில் ஆகஸ்ட் 15-ல் இன்னொரு தடவை நினைவுபடுத்தலாம்.

மனுவில் சாலையின் பெயர், அது பஞ்சாயத்து ரோடா யூனியன் ரோடா ஹைவேஸ் ரோடா என்பது, பழுது தொடங்கும் இடம், முடியும் இடம், அடிக் கணக்கு, தீர்மான எண், தேதி ஆகியவை இருந்தால் போதும். திட்டத்தில் போட்ட ரோடு என்றால் பலகையில் உள்ள தேதியையும் சேர்த்து எழுத வேண்டும். மனு கொடுத்தால் ஒப்புகை ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் இல்லாவிட்டால் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் அந்த விவரங்களோடு பதிவு செய்யலாம்.

மழைக்கு முன் ஒருநாள், ஹட்டியில் உள்ளவர்கள் மண்வெட்டியோடு கால்வாய் ஓரம் ஒரு நடை நடந்து பார்ப்பதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டியதில்லை. இத்தலார் வட்டாரத்து அந்த ஹட்டியில் இப்போது மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று வைத்திருக்கிறார்கள்.